எண்டோமெட்ரியோசிஸும் மைக்ரோஆர்என்ஏவும்: செந்தூல் மண்டபத்தில் கேட்ட கேள்விகள்

கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். நான் டாக்டர் இல்லை. ரத்தக் குழாய்களைச் சுழற்றுவது, பிரிப்பது, அளப்பது, இதுதான் என் நாள். சென்ற வருடம் செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தில் பெண்களுக்காகப் பேசக் கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் பேசினேன்; கேள்வி மட்டும் இரண்டு மணி நேரம் ஓடியது. அங்கே கேட்டவை, பிறகு வாட்ஸ்அப்பில் வந்தவை, எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். திரும்பத் திரும்பக் குரல் பதிவு அனுப்பித் தொண்டை வற்றிவிட்டது, அதுவும் ஒரு காரணம்.

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்ன? எனக்கு "சாக்லேட் சிஸ்ட்" என்றார்கள். இரண்டும் ஒன்றா?

கருப்பையின் உட்பக்கம் மாதாமாதம் தடித்து உதிரும் ஒரு சவ்வு இருக்கிறது. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே ஒட்டி வளர்ந்தால் அது எண்டோமெட்ரியோசிஸ். வயிற்றின் உள்ளுறை, சினைப்பை, கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள இடுக்கு ஆகிய இடங்களில்தான் அதிகம். அந்தத் திசுவும் ஹார்மோனுக்கு ஆடும், கசியும். கசிந்தது வெளியேற வழியில்லாமல் சுற்றிலும் வீக்கத்தையும் தழும்பையும் உண்டாக்கும். சினைப்பைக்குள் இப்படிக் கசிந்த பழைய ரத்தம் தேங்கிக் கெட்டியாகிப் பழுப்பாக இருப்பதால் "சாக்லேட் சிஸ்ட்" என்று பெயர் வந்தது. ஆகவே சாக்லேட் சிஸ்ட் இந்த நோயின் ஒரு வகை. சிஸ்ட் இல்லாமலும் நோய் இருக்கலாம்.

குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10-ல் ஒருவருக்கு இது உண்டு என்றும், உலகம் முழுக்க 19 கோடிப் பேர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. மண்டபத்தில் அன்று அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மைக்ரோஆர்என்ஏ என்பது என்ன? கிருமியா?

கிருமி இல்லை. உங்கள் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருப்பது, என் செல்லிலும்.

பிரிக்பீல்ட்ஸில் மதிய நேரத்தில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள். முதலாளியின் சமையல் குறிப்பு நோட்டு உள்ளே பெட்டியில் பூட்டியிருக்கும். அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. அதுதான் டி.என்.ஏ. வேண்டிய பதார்த்தத்தை மட்டும் சிறு சீட்டில் எழுதி அடுப்படிக் கம்பியில் குத்துவார்கள். அந்தச் சீட்டு எம்ஆர்என்ஏ. சீட்டைப் பார்த்துத்தான் சமையல்காரர் சமைக்கிறார், அதாவது புரதம் தயாராகிறது.

இப்போது அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். பெயர் ஆர்கோநாட், அதுவும் ஒரு புரதம். அவர் கையில் துண்டுக் காகிதம், அதில் ஏறக்குறைய 22 எழுத்து. அந்தத் துண்டுதான் மைக்ரோஆர்என்ஏ. வருகிற சீட்டுகளின் வால் பகுதியை அவர் தன் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். 22 எழுத்தும் பொருந்த வேண்டியதில்லை. இரண்டாவது முதல் எட்டாவது வரை உள்ள ஏழு எழுத்து பொருந்தினாலே பெரும்பாலும் போதும். பொருந்தினால் சீட்டைப் பிடித்து நிறுத்துவார், சில சமயம் கிழித்தே போட்டுவிடுவார். அந்தப் பதார்த்தம் அன்றைக்குக் குறைவாகத்தான் வெளியே வரும்.

இதில் இரண்டு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். ஏழு எழுத்து போதும் என்பதால் ஒரே துண்டு நூற்றுக்கணக்கான சீட்டுகளைத் தடுக்க முடியும். ஒரே சீட்டைப் பல துண்டுகளும் சேர்ந்து தடுக்கலாம். அடுத்தது, இது கடையை மூடும் வேலை இல்லை, அடுப்பைச் சிறுதீயில் வைக்கும் வேலை. "மைக்ரோஆர்என்ஏ ஒரு ஜீனை அணைத்துவிடும்" என்று எங்காவது படித்தால் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

மனித நோயைத் தேடிப் போனவர்கள் இல்லை. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, மண்ணில் வாழும் உருளைப்புழுச் சாதி ஒன்று, சி. எலிகன்ஸ் என்று பெயர், அதில் சில புழுக்கள் ஏன் சரியாக வளராமல் நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1993-ல் அமெரிக்காவில் விக்டர் ஆம்புரோஸ், ரோசலிண்ட் லீ, ரோண்டா ஃபைன்பாம் ஆகியோர் லின்-4 என்ற ஜீன் புரதம் எதையும் தயாரிக்காமல் 22 எழுத்துள்ள ஆர்.என்.ஏ. துண்டை மட்டும் வெளியிடுகிறது என்று காட்டினார்கள். அந்தத் துண்டு லின்-14 என்ற ஜீனின் சீட்டைத் தடுக்கிறது என்பதை கேரி ரவ்கனின் குழுவும் அதே நேரத்தில் காட்டியது. ஏழு வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, புழுவின் விநோதம் என்று விட்டுவிட்டார்கள். 2000-ல் லெட்-7 என்ற இரண்டாவது துண்டு கிடைத்தது. அது மனிதர் உட்படப் பல உயிர்களில் எழுத்து மாறாமல் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024-ல் ஆம்புரோஸுக்கும் ரவ்கனுக்கும் மருத்துவ நோபல் பரிசு. மனிதரில் இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோஆர்என்ஏக்கள் தெரியும்.

இதற்கும் என் வயிற்று வலிக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. இதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

1920-களில் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு விளக்கம் சொன்னார். மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் கீழே வராமல், கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது. அதோடு போகும் சவ்வுத் துணுக்குகள் அங்கே ஒட்டி முளைக்கின்றன. இன்றும் இதுதான் அதிகம் பேர் ஏற்கும் விளக்கம். ஆனால் அதில் ஓட்டை ஒன்று உண்டு. பின்னோக்கிப் போவது 10 பெண்களில் 9 பேருக்கு நடக்கிறது, நோய் வருவதோ 10-ல் ஒருவருக்கு. விதை எல்லார் வயிற்றிலும் விழுகிறது, முளைப்பது சிலரிடம் மட்டும். ஏன்?

வயிற்றுக்குள் போய் விழுந்த துணுக்கு உயிர் பிழைக்க என்னென்ன செய்தாக வேண்டும் என்று யோசியுங்கள். இருந்த இடத்திலிருந்து கழன்று, புது இடத்தில் ஒட்டி, உள்ளே துளைக்க வேண்டும். ரத்த ஓட்டம் கிடையாது, பிராணவாயு குறைவு, மூச்சுமுட்டும் இடம்; அங்கே புது ரத்தக் குழாய்களை வரவழைக்க வேண்டும். காவல் செல்களிடம் தப்ப வேண்டும். வளர ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வேண்டும். "போதும், நிறுத்து" என்று சொல்லும் புரோஜெஸ்டிரோன் காதில் விழக் கூடாது. இந்த ஒவ்வொரு படியிலும் சில மைக்ரோஆர்என்ஏக்களின் அளவு மாறியிருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

கழன்று துளைப்பதை எடுத்துக்கொண்டால், மிர்-200 (மிர் என்பது மைக்ரோஆர்என்ஏவின் சுருக்கம்) என்ற குடும்பம் செங்கல் அடுக்கியது போல் செல்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் ஒழுங்கைக் காக்கிறது. ஜெப்-1, ஜெப்-2 என்ற இரண்டு புரதங்கள் அந்த ஒட்டைக் கலைப்பவை. மிர்-200 அவற்றின் சீட்டைத் தடுத்து வைக்கும். எண்டோமெட்ரியோசிஸ் திசுவில் மிர்-200 குறைந்து கிடக்கிறது. தடுக்க ஆளில்லை, ஜெப் கூடுகிறது, இ-கேட்ஹெரின் என்ற பசை குறைகிறது, செல் அவிழ்ந்து நகரத் தொடங்குகிறது. புற்றுநோய்ச் செல்கள் பரவும்போதும் இதே தந்திரம்தான். (பயப்பட வேண்டாம். இது புற்றுநோய் இல்லை. வழி மட்டும் ஒன்று.)

மூச்சுமுட்டலுக்கு வருவோம். பிராணவாயு குறைந்தால் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் எழுந்துகொள்ளும். அது மிர்-20ஏ-யைக் கூட்டுகிறது. மிர்-20ஏ போய் டஸ்ப்-2 என்ற நிறுத்துக் கருவியை அமுக்குகிறது. நிறுத்துக் கருவி இல்லாமல் வளர்ச்சிச் சமிக்ஞை நீண்டுகொண்டே போய், ரத்தக் குழாய் வளர்க்கும் ஜீன்கள் முழுவேகத்தில் ஓடுகின்றன. தைவான் ஆய்வாளர்கள் 2012-ல் சினைப்பைச் சிஸ்டிலிருந்து எடுத்த செல்களில் இந்தச் சங்கிலியைக் காட்டினார்கள். நெருக்கடியே உரமாகிவிடுகிறது.

ஈஸ்ட்ரோஜன் விஷயம் இன்னும் வேடிக்கை. சாதாரணக் கருப்பைச் சவ்வு ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பதில்லை, சினைப்பை அனுப்புவதைத்தான் வாங்கிக்கொள்ளும். இந்தத் திசுவோ தானே அடுப்பு மூட்டிக்கொள்கிறது. அதற்குத் தேவையான எஸ்எஃப்-1 என்ற புரதத்தை மிர்-23ஏ, மிர்-23பி இரண்டும் சாதாரணமாக அடக்கி வைத்திருக்கும். நோயுள்ள திசுவில் இந்த இரண்டும் குறைவு.

புரோஜெஸ்டிரோன் கதை உங்களில் பலருக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. "மாத்திரை ஆறு மாசம் சாப்பிட்டேன், அக்கா, ஒன்னும் கேக்கல" என்று மண்டபத்தில் மூன்று பேர் சொன்னார்கள். அந்த மாத்திரைகள் பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் வகை. ஹார்மோன் வந்து கதவைத் தட்டினால் போதாது, உள்ளே ஏற்பி திறக்க வேண்டும். ஏற்பிக்கு உதவும் எஃப்கேபிபி-4 என்ற புரதத்தை மிர்-29சி தடுக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களிலும், நோய் உண்டாக்கிய பபூன் குரங்குகளிலும் மிர்-29சி கூடியிருந்ததை 2017-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாத்திரை சிலருக்கு ஏன் எடுபடவில்லை என்பதற்கு இது முழு விடை இல்லை, ஒரு பங்கு விடை. ஆனால் "நீ ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டே" என்பதைவிட எவ்வளவோ மேலான விடை.

அப்படியானால் மைக்ரோஆர்என்ஏதான் காரணம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. துணுக்கு அங்கே போன பிறகு எப்படிப் பிழைத்தது என்பதை மைக்ரோஆர்என்ஏ நன்றாக விளக்குகிறது. ஏன் உங்களுக்கு வந்தது, உங்கள் தங்கைக்கு ஏன் வரவில்லை என்பதை அந்த அளவுக்கு விளக்கவில்லை. கோழியா முட்டையா என்ற சிக்கலும் உண்டு. மூச்சுமுட்டும் இடத்தில் மாட்டிக்கொண்டதால் மிர்-20ஏ கூடியது என்றால் அது விளைவு. கூடியதால் நோய் வளர்ந்தது என்றால் காரணம். பல இடங்களில் இரண்டுமாகச் சேர்ந்து சக்கரம்போல் சுற்றுகிறது. நோய் முற்றிய பிறகு எடுத்த திசுவை மட்டும் பார்த்து, சக்கரத்தை முதலில் தள்ளிவிட்டது யார் என்று சொல்ல முடியாது.

இணையத்தில் ஒரு கட்டுரை ஒரு மிர் கூடுகிறது என்கிறது, இன்னொன்று குறைகிறது என்கிறது. எதை நம்புவது?

இந்தக் கேள்வியைக் கேட்டது பதினேழு வயதுப் பெண். எனக்கு மிகப் பிடித்த கேள்வியும் இதுதான்.

மேலே மிர்-20ஏ கூடுகிறது என்று எழுதினேன் அல்லவா? 2009-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஒரே பெண்ணின் கருப்பைச் சவ்வையும் வெளியே வளர்ந்த திசுவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, 22 மைக்ரோஆர்என்ஏக்கள் மாறியிருப்பதைக் கண்டார்கள். 14 கூடியிருந்தன, 8 குறைந்திருந்தன. அந்தக் குறைந்த எட்டில் மிர்-20ஏ-யும் ஒன்று! யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் முழுத் துண்டுத் திசுவை அரைத்துப் பார்த்தார், மற்றவர் அதிலிருந்து ஒரு வகைச் செல்லை மட்டும் பிரித்தெடுத்து வளர்த்துப் பார்த்தார். கூட்டுக் குழம்பில் உப்பு பார்ப்பதும் அதிலுள்ள கத்திரிக்காயைத் தனியே கடித்துப் பார்ப்பதும் ஒன்றாகுமா?

மிர்-145-ஐப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் செல்லுக்குள் அதைக் கூட்டினால் ஊடுருவல் குறைகிறது, நல்ல பிள்ளை. ஆனால் அதே 2009 பட்டியலில் நோய்த் திசுவில் அது கூடியிருக்கிறது. மிர்-145 மென்தசைச் செல்களில் இயல்பாகவே ஏராளம். வெட்டியெடுத்த திசுவில் தசை நார் கொஞ்சம் கலந்திருந்தாலே கணக்கு ஏறிவிடும். மாதவிடாய்ச் சுற்றின் எந்த நாளில் எடுத்தார்கள், அந்தப் பெண் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாரா, எந்த வகை நோய் என்பதெல்லாம் இதற்கு மேல்.

ரத்தத்தில் அளப்பதில் உள்ள வம்பை நான் கண்ணாலேயே பார்க்கிறேன். குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில், ஆறிப்போன சீனத் தேநீர் மாதிரி இருக்க வேண்டும். சில நாள் நோன்புக்காலப் பாசாரில் விற்கும் ஐர் சிராப் என்ற சிவப்புப் பானத்தைத் தண்ணீர் விட்டுக் கலக்கியது போல் இளஞ்சிவப்பாக இருக்கும். ஊசி மெல்லியதாக இருந்திருக்கும், கையை அதிக நேரம் கட்டியிருப்பார்கள், இல்லை யாரோ குழாயை வேகமாகக் குலுக்கியிருப்பார்கள், சிவப்பணு உடைந்திருக்கிறது. சிவப்பணுவுக்குள் மிர்-451 குவியல் குவியலாக இருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களின் ரத்தத்தில் கூடுகிறது என்று சில ஆய்வுகள் சொல்லும் அடையாளங்களில் மிர்-451ஏ-யும் ஒன்று! ஊசி குத்தியவர் அவசரப்பட்டால் ஆரோக்கியமான பெண்ணும் நோயாளி போலத் தெரிவார். கண்ணுக்குத் தெரியாத அளவு உடைந்திருந்தாலும் கெடும். அதனால்தான் உடைவால் அதிகம் மாறாத மிர்-23ஏ-யையும் கூடவே அளந்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து மாதிரி தேறுமா என்று முடிவு செய்கிறார்கள். ஒரு கட்டுரையில் இந்தச் சோதனையைச் செய்ததாக எழுதவே இல்லை என்றால் நான் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் புரட்டுவேன்.

அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வருமா?

வாய்ப்பு கூடும், விதி இல்லை. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் பரம்பரையின் பங்கு ஏறத்தாழப் பாதி என்கின்றன. 2023-ல் வெளியான பெரிய மரபணு ஆய்வு 60,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 42 இடங்களை அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது.

எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடலாமாமே?

செய்தி உண்மை, அவசரம்தான் தப்பு. மைக்ரோஆர்என்ஏ புரதத்தோடு பிணைந்தும் சிறு கொழுப்புக் குமிழிக்குள் பொதிந்தும் திரிவதால் ரத்தத்திலும் எச்சிலிலும் சிதையாமல் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் இந்த ஆசையே வந்தது. 2022-ல் பிரான்சில் 200 பெண்களின் எச்சிலை ஆராய்ந்து 109 மைக்ரோஆர்என்ஏக்கள் கொண்ட ஓர் அடையாளத் தொகுப்பை வெளியிட்டார்கள். நோயுள்ளவரில் 96.7 சதவீதத்தைச் சரியாகப் பிடித்தது என்றார்கள். கேட்டவுடன் நானும் எழுந்து உட்கார்ந்தேன்.

பிறகு உள்ளே படித்தேன். அந்த 200 பேரில் 153 பேருக்கு நோய் இருந்தது. எல்லாருமே அறிகுறியோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள். நோயாளிகள் முக்கால்வாசி இருக்கும் கூட்டத்தில் நன்றாக வேலை செய்யும் சோதனை, செந்தூல் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அறுபது பேரிடம் அதே மாதிரி செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்து 2023-ல் வெளிவந்த சரிபார்ப்பு ஆய்வின் இடைக்கால முடிவும் நன்றாகவே இருந்தது; அதுவும் பிரெஞ்சு மையங்களில்தான். 2024-ல் பிரெஞ்சுச் சுகாதார ஆணையம் மேலும் ஆதாரம் சேர்க்கும் நிபந்தனையோடு கதவைத் திறந்தது. மறுபக்கம், ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி, ரத்தத்திலோ, கருப்பைச் சவ்விலோ, மாதவிடாய்த் திரவத்திலோ அளக்கும் எந்த அடையாளத்தையும் வைத்து இந்த நோயைத் தீர்மானிக்க வேண்டாம் என்கிறது. சிஏ-125 என்ற புரதத்தை ரத்தத்தில் அளக்கும் சோதனைக்கும் அதே பதில்தான். அது மாதவிடாய் நாளிலும் கூடும், கருப்பைக் கட்டிக்கும் கூடும்.

என் கருத்து இது: இந்தச் சோதனை ஒரு நாள் வரும், வரட்டும். அதற்காகக் கைப்பணத்தை இப்போதே எடுத்து வைக்க வேண்டாம். அது வரும்வரை உங்கள் வலி காத்திருக்கவும் வேண்டாம்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? வயிற்றில் துளை போட வேண்டுமா?

முன்பு லேப்ராஸ்கோபி செய்து, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டு, கண்ணால் பார்த்தால்தான் நோய் என்று ஒப்புக்கொள்வார்கள். இப்போது அப்படி இல்லை. அறிகுறியைக் கேட்டு, பரிசோதித்து, அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ பார்த்து, மருந்தை ஆரம்பித்துவிடலாம் என்பதே அதே 2022 வழிகாட்டியின் நிலை. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் மருந்து கேட்காமலும் இருந்தால் லேப்ராஸ்கோபியை யோசிக்கலாம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஸ்கேன் சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது. மேலோட்டமான திட்டுகள் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிவதில்லை.

நம் வீடுகளில் இன்னொரு முடிச்சு. நன்றாகத் தெரிவது பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில். "சுடா காவின்?" (கல்யாணமாகிவிட்டதா?) என்று நர்ஸ் மலாயில் கேட்பதும், "பெலும்" (இன்னும் இல்லை) என்று பெண் சொல்வதும், அம்மா முகம் மாறுவதும், நான் பல முறை கேட்டுவிட்ட கதை. மணமாகாத பெண்ணுக்கு வயிற்றின் மேல் வழியாகவோ மலக்குடல் வழியாகவோ ஸ்கேன் செய்யலாம், எம்ஆர்ஐ எடுக்கலாம். அதற்காகப் பரிசோதனையையே தள்ளிப்போடத் தேவையில்லை. கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசுக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பார்த்து, பெண்நோய் நிபுணரிடம் அனுப்பும் கடிதம் கேளுங்கள். கொடுக்காவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.

மைக்ரோஆர்என்ஏவை மாற்றும் மருந்து வந்துவிட்டதா?

எண்டோமெட்ரியோசிஸுக்கு இல்லை. அமெரிக்காவில் யேல் குழு ஒன்று எலிகளில் லெட்-7பி-யைச் செலுத்தி நோய்த் திட்டுகள் சுருங்குவதைக் காட்டியது, புழுவில் தொடங்கிய அதே லெட்-7 குடும்பம். எலி எலிதான். மனிதரிடம் இந்த வழி எவ்வளவு கரடுமுரடு என்பதற்கு ஒரு சாட்சி உண்டு: புற்றுநோய்க்காக மிர்-34-ஐப் போல் செய்த ஒரு மருந்தின் சோதனையை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016-ல் நிறுத்தினார்கள். ஒரே துண்டு நூற்றுக்கணக்கான சீட்டைத் தடுக்கும் என்று சொன்னேனே, வம்பு அங்கேதான். நீங்கள் குறி வைத்த சீட்டு ஒன்று, கிழிவது இருநூறு.

இன்றைக்குக் கையில் இருப்பவை வலி மாத்திரை, டயனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டிரோன் வகை, கருத்தடை மாத்திரை, சினைப்பையை ஓய்வெடுக்க வைக்கும் ஊசி, ஹார்மோன் லூப், அறுவை சிகிச்சை. எது யாருக்கு என்பதை உங்கள் டாக்டரோடு பேசுங்கள், என்னோடு வேண்டாம்.

ஒரு சத்துப் பானம் மைக்ரோஆர்என்ஏவைச் சமன் செய்யுமாம். பெட்டி 280 ரிங்கிட். வாங்கலாமா?

விற்க வந்தவர் உங்கள் சித்தியின் தோழி, சரிதானே? மறுப்பது கஷ்டம்தான். எந்த மிர்? கூட்டுமா, குறைக்குமா? எந்தத் திசுவில்? இந்த மூன்றையும் சிரித்த முகத்தோடு கேளுங்கள்.

மஞ்சள் நல்லதுதானே என்றால், அதிலுள்ள குர்குமின் தட்டில் வளர்த்த செல்லில் என்னென்னவோ செய்கிறது. குழம்பில் போடும் அரைக் கரண்டி வயிற்றைக் கடந்து சினைப்பைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது வேறு கணக்கு. அரிசியிலுள்ள மைக்ரோஆர்என்ஏ, சோறு சாப்பிடுபவர்களின் ரத்தத்தில் கலந்து ஜீனின் வேலையையே மாற்றுகிறது என்று 2011-ல் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படிக் கிடைக்கவில்லை. மூன்று வேளை சோறு தின்னும் நமக்கு அது ஒரு நிம்மதி!

வெந்நீர் ஒத்தடம், உளுந்தங்களி, நடை, இவற்றால் ஆறுதல் கிடைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். அவை 280 ரிங்கிட் கேட்பதில்லை.

கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி அடங்கும். பிறகு திரும்பி வரலாம். பிள்ளை பெறுவது மருந்துச் சீட்டு இல்லை. தவிர, இந்த நோயுள்ளவர்களில் கணிசமான பேருக்குக் கருத்தரிப்பதே தாமதமாகிறது. அவர்களிடம் போய் இதைச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று சொல்கிறவர்கள் யோசிப்பதில்லை.

மகளுக்கு 15 வயது. மாதம் இரண்டு நாள் பள்ளிக்குப் போவதில்லை. டாக்டரிடம் என்ன சொல்வது?

என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதினாறு வயதில் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கிளினிக், பொன்ஸ்டான் என்ற வலி மாத்திரை பத்து, ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு). கேட்டால் "செங்குகுட்" என்ற ஒரே மலாய்ச் சொல், மாதவிடாய் வலி என்று அர்த்தம். வேலைக்குப் போன பிறகு ஒரு காலை மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி மேடையில், நிற்க முடியாமல் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று ரயிலை விட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். நோயின் பெயர் தெரிந்தபோது அவளுக்கு 27 வயது. உலகம் முழுக்கவே பெயர் தெரிய 4 முதல் 12 வருடம் ஆகிறது என்கிறார்கள். எங்கள் வீட்டில் பதினொன்று. இத்தனைக்கும் அக்கா ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள்.

ஆகவே "செங்குகுட்" என்ற சொல்லோடு உள்ளே போகாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். எந்த நாள் தொடங்கியது, மாதவிடாய்க்கு எத்தனை நாள் முன்பே வந்தது, மாத்திரை எத்தனை, எத்தனை மணி நேரத்தில் கேட்டது அல்லது கேட்கவில்லை, பள்ளி போகாத நாள் எது, மலம் கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ வலித்ததா, வாந்தி வந்ததா. அந்த நோட்டை டாக்டரின் மேசைமேல் திறந்தே வையுங்கள். பேச்சை அவளே பேசட்டும். நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தால் போதும்.